காப்பு நிலம் யாருடையது, யார் கையில் இருக்கிறது: தென்னாப்பிரிக்காவின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளைப் புரிந்துகொள்ள

காட்டு நிலம் பற்றி இந்த நாட்டில் வரும் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தலை சுற்றுவது இயல்புதான். ஒரு சமூகம் க்ரூகர் பூங்காவுக்குள் இருக்கும் தன் பூர்வீக நிலத்தைத் திரும்பப் பெறுகிறது, ஆனால் அங்கே போய் வீடு கட்ட முடியாது. ‘பாதுகாக்கப்பட்டது’ என்று அரசிதழில் வெளியான புல்வெளியில் நிலக்கரி எடுக்க இரண்டு அமைச்சர்கள் அனுமதி கொடுக்கிறார்கள், நீதிமன்றம் அதை ரத்து செய்கிறது. ஆப்பிரிக்காவின் மிகப் பழைய காப்பகங்களில் ஒன்றில் 2023-இல் மட்டும் 307 காண்டாமிருகங்கள் கொல்லப்படுகின்றன. டர்பனுக்குத் தெற்கே உம்கொமாஸ் பக்கம் தலைமுறையாகத் தூண்டில் போடும் குடும்பங்களிடம், கடலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டைக் காட்டி ‘இதற்கு அந்தப் பக்கம் பிடிக்கக் கூடாது’ என்கிறார்கள்.

இவை எல்லாவற்றிலும் ‘பாதுகாக்கப்பட்ட பகுதி’ என்ற ஒரே சொற்றொடர்தான் வருகிறது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் அந்தச் சொற்றொடருக்குக் கீழே வலுவில் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்ட பல ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒரு நிலம் எவ்வளவு பத்திரமாக இருக்கிறது என்பதை வேலியின் உயரமோ வாசலில் உள்ள பெயர்ப்பலகையோ சொல்லாது. அந்தப் பாதுகாப்பை நீக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, நீக்குவது எவ்வளவு கடினம் என்பதுதான் சொல்லும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மேலே சொன்ன செய்திகள் ஒவ்வொன்றாகப் புரியத் தொடங்கும்.

முதலில் பிரிக்க வேண்டிய மூன்று கேள்விகள்

1. நிலத்தின் உரிமையாளர் யார்? மத்திய அரசாக இருக்கலாம், மாகாணமாக இருக்கலாம், ஊராட்சியாக, ஒரு சமூகத்தின் அறக்கட்டளையாக, தனியொருவராகக்கூட இருக்கலாம். காப்பு நிலம் என்றாலே அரசு நிலம் என்று நினைப்பதுதான் பொதுவான தவறு.

2. நடத்துவது யார்? சட்டத்தில் இவர்களுக்கு ‘மேலாண்மை அதிகாரி அமைப்பு’ என்று பெயர். தேசியப் பூங்காக்களை சான்பார்க்ஸ் நடத்துகிறது. குவாசுலு-நட்டால் மாகாணக் காப்பகங்களை அந்த மாகாணத்தின் வனவிலங்கு அமைப்பான எஸெம்வேலோ நடத்துகிறது. செயின்ட் லூசியா ஏரியை ஒட்டிய ஈரநிலப் பூங்காவான ஐசிமங்கலிசோவுக்குத் தனி ஆணையம் உண்டு, அங்கேயும் அன்றாட வனவிலங்குப் பணியை எஸெம்வேலோ ஆட்கள்தான் செய்கிறார்கள். டர்பன் நகருக்குள்ளேயே க்ராண்ட்ஸ்க்ளூஃப், கென்னத் ஸ்டெயின்பேங்க், பீச்வுட் மாங்குரோவ் ஆகியவை எஸெம்வேலோ பொறுப்பில் இருக்கின்றன. சாட்ஸ்வர்த்தில் இருக்கும் சில்வர்க்ளென் நகராட்சியின் பொறுப்பு.

3. எந்தச் சட்டத்தின் கீழ், எந்த வகையாக அறிவிக்கப்பட்டது? மூன்றிலும் முக்கியமான கேள்வி இதுதான், ஆனால் செய்தியில் இதைத்தான் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

2003-ஆம் ஆண்டின் 57-ஆம் எண் சட்டம், அதாவது பாதுகாக்கப்பட்ட பகுதிகள் சட்டம், இந்த மூன்றையும் கட்டி வைத்திருக்கிறது. அதன் 3-ஆவது பிரிவு, அரசு இந்தப் பகுதிகளின் அறங்காவலராக நடந்துகொள்ள வேண்டும் என்கிறது. கோயில் நிலத்துக்கு அறங்காவலர் குழு இருப்பதை அறிந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை: பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உண்டு, தன் சொத்தைப் போல விற்றுத் தின்னும் உரிமை இல்லை.

வகைகளும் அவற்றின் வலுவும்

சட்டம் சொல்லும் வகைகளை வலுவின் வரிசையில் பார்க்கலாம்.

1. சிறப்பு இயற்கைக் காப்பகம். மிகக் கடுமையான வகை. தெற்கே நடுக்கடலில் இருக்கும் மேரியன், பிரின்ஸ் எட்வர்ட் தீவுகள் இந்த வகை. சுற்றுலாவுக்கு அங்கே போக முடியாது, ஆராய்ச்சியும் பராமரிப்பும் மட்டும்தான்.

2. தேசியப் பூங்கா. க்ரூகர், ஆடோ யானைப் பூங்கா, டேபிள் மவுண்டன் போன்றவை.

3. இயற்கைக் காப்பகம். மாகாண அளவில் நமக்குத் தெரிந்த பெரும்பாலானவை இந்த வகைதான். நில உரிமையாளரோடு எழுத்து ஒப்பந்தம் போட்டுத் தனியார் நிலத்தையும் இப்படி அறிவிக்கலாம்.

4. பாதுகாக்கப்பட்ட சூழல். பெயரைக் கேட்டால் எல்லாவற்றையும்விட வலுவாக இருக்கும் போலத் தோன்றும். உண்மையில் இது இளகலான வகை. பண்ணை தொடரலாம், மாடு மேயலாம், மக்கள் வாழலாம்.

இவற்றோடு உலகப் பாரம்பரியத் தளங்களும், கடல் காப்புப் பகுதிகளும், 1998 வனச் சட்டத்தின் கீழ் வரும் காடுகளும், 1970 சட்டத்தின் கீழ் வரும் மலை நீர்ப்பிடிப்புப் பகுதிகளும் சேரும். ஒரே நிலத்தின் மேல் இரண்டு மூன்று முத்திரைகள் இருப்பதும் உண்டு.

சுரங்கம் பற்றிய 48-ஆவது பிரிவில்தான் இந்த வேறுபாடு பட்டவர்த்தனமாகத் தெரியும். சிறப்பு இயற்கைக் காப்பகம், தேசியப் பூங்கா, இயற்கைக் காப்பகம், உலகப் பாரம்பரியத் தளம், கடல் காப்புப் பகுதி ஆகியவற்றில் வணிகச் சுரங்கம் கூடாது, சட்டம் வரும் முன்பே முறைப்படி நடந்துகொண்டிருந்தவற்றுக்கு மட்டும் தனி வழி உண்டு. பாதுகாக்கப்பட்ட சூழலிலோ, சுற்றுச்சூழல் அமைச்சரும் கனிம வள அமைச்சரும் எழுத்தில் அனுமதித்தால் தோண்டலாம்.

வனாந்தரப் பகுதி: காட்டுக்குள் இன்னொரு காடு

காப்பகத்துக்குள்ளேயே ஒரு பகுதியை ‘வனாந்தரப் பகுதி’ என்று தனியாகக் குறிக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. சாலை இருக்கக் கூடாது. நிரந்தரக் கட்டடம் இருக்கக் கூடாது. மனிதக் குடியிருப்பு இருக்கக் கூடாது. இயல்பான காட்டுத் தன்மை அப்படியே இருக்க வேண்டும், அல்லது அந்த நிலைக்கு மீட்கக் கூடியதாக இருக்க வேண்டும்.

இதற்கு இந்தக் கண்டத்தில் முன்னோடி நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில்தான் இருக்கிறது என்பது டர்பனில் பலருக்குத் தெரியாமல் இருப்பது வருத்தமான விஷயம். 1950-களின் இறுதியில், இயன் பிளேயர் என்ற வன அதிகாரியின் முயற்சியால், இம்ஃபொலோசி காப்பகத்தின் தென்பகுதி வனாந்தரமாக ஒதுக்கி வைக்கப்பட்டது. அவருக்குக் காட்டைக் கற்றுக்கொடுத்தவர் மக்குபு நிடோம்பேலா என்ற சுலு வழிகாட்டி. அந்த இடம் அதற்கும் வெகு முன்பே சுலு அரசர்களின் வேட்டைக் காடாக இருந்தது. யாரும் இல்லாத கன்னி நிலத்தை வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்துக் காப்பாற்றினார்கள் என்ற கதை அங்கே செல்லாது.

வனாந்தரத்தில் காரில் போய் விலங்கு பார்க்க முடியாது. துப்பாக்கி வைத்திருக்கும் ரேஞ்சரோடு சிறு குழுவாக நடந்து போக வேண்டும், கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இரவில் விளக்கு இல்லை, என்ஜின் சத்தம் இல்லை. ‘யாரும் போகாத இடத்துக்கு எதற்கு இவ்வளவு நிலம்?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. சாலை போட்டால் அதன் பின்னால் லாட்ஜ் வரும், லாட்ஜுக்கு மின்கம்பி வரும், தண்ணீர்க் குழாய் வரும், வேலையாட்கள் குடியிருப்பு வரும். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்க்கும்போது நியாயமாகவே தெரியும், இருபது வருடம் கழித்துப் பார்த்தால் காடு துண்டு துண்டாகிப் போயிருக்கும். அதனால்தான் முதல் சாலையிலேயே தடுத்து நிறுத்தும் வகை ஒன்று வேண்டியிருக்கிறது.

அதே இம்ஃபொலோசி இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தெற்கு வெள்ளைக் காண்டாமிருகம் உலகிலேயே இந்தப் பகுதியில் மட்டும், சில டஜன் அளவில் மிஞ்சியிருந்தது. 1895-இல் ஹ்லுஹ்லுவே, இம்ஃபொலோசி, செயின்ட் லூசியா மூன்றும் காப்பகங்களாக அறிவிக்கப்பட்டன. 1960-களில் மயக்க ஊசி போட்டு விலங்குகளைப் பிடித்து க்ரூகருக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பினார்கள். இன்று உலகில் எங்கே தெற்கு வெள்ளைக் காண்டாமிருகத்தைப் பார்த்தாலும் அதன் வம்சம் கிட்டத்தட்ட எப்போதும் இங்கே வந்துதான் முடியும்.

கொடுத்ததை யார் திரும்ப எடுக்கலாம்?

இம்ஃபொலோசியின் வரலாற்றிலேயே ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. ட்செட்சே ஈ பரப்பும் நகானா நோய் மாடுகளைக் கொன்றது. சுற்றியிருந்த வெள்ளைப் பண்ணையாளர்கள், காட்டு விலங்குகள்தான் நோயைத் தாங்கி நிற்கின்றன, காப்பகமே வேண்டாம் என்று அரசை நெருக்கினார்கள். 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அந்தக் காப்பகத்தின் அந்தஸ்து நீக்கப்பட்டது, கொடுக்கப்பட்டது, மறுபடி நீக்கப்பட்டது. 1942-க்கும் 1950-க்கும் இடையில் மட்டும் 70,000-க்கும் மேற்பட்ட விலங்குகளை அரசே சுட்டுக் கொன்றது, காண்டாமிருகத்தை மட்டும் விட்டு வைத்தார்கள். கடைசியில் அந்த ஈயை ஒழித்தது துப்பாக்கி அல்ல, விமானத்திலிருந்து தெளித்த டிடிடி.

அந்தக் காலத்தில் அரசாங்கத்தின் ஒரு உத்தரவே போதும், காப்பகம் காப்பகமாக இல்லாமல் போய்விடும். இன்றைய சட்டம் அந்தக் கதவை அடைத்திருக்கிறது. எல்லா இடத்திலும் அடைக்கவில்லை:

1. தேசியப் பூங்காவின் அறிவிப்பைத் திரும்பப் பெறத் தேசிய நாடாளுமன்றத்தின் தீர்மானம் வேண்டும். அமைச்சர் தனியாக முடிவெடுக்க முடியாது. சிறப்பு இயற்கைக் காப்பகத்துக்கும் இதுவே விதி.

2. மாகாண அமைச்சர் அறிவித்த இயற்கைக் காப்பகத்தை நீக்க மாகாணச் சட்டமன்றத்தின் தீர்மானம் வேண்டும்.

3. பாதுகாக்கப்பட்ட சூழலுக்கு எந்தச் சபையும் கூட வேண்டியதில்லை. அமைச்சரோ மாகாண அமைச்சரோ அரசிதழில் அறிவிப்பு கொடுத்தே நீக்கலாம், ஒரு பகுதியை மட்டும் வெட்டியும் எடுக்கலாம்.

மூன்றாவது வழி நடைமுறையில் என்ன செய்யும் என்பதற்கு மபோலாவைப் பார்த்தால் போதும். முபுமலாங்கா மாகாணத்தில் வாக்கர்ஸ்ட்ரூம் பக்கம் இருக்கும் ஈரப் புல்வெளி அது, பெரிய ஆறுகள் தொடங்கும் மேட்டு நிலம். 2014-இல் அதைப் பாதுகாக்கப்பட்ட சூழலாக அறிவித்தார்கள். 2016-இல் இரண்டு அமைச்சர்களும் அங்கே நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்துக்கு அனுமதி கொடுத்தார்கள். பொதுமக்களுக்குத் தெரியாமலேயே நடந்த அந்த முடிவை நவம்பர் 2018-இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சரி, முடிந்தது என்று நினைத்தால், ஜனவரி 2021-இல் மாகாண அமைச்சர் சுரங்கம் வரவிருந்த பகுதிகளையே எல்லைக்கு வெளியே தள்ளி அறிவிப்பு வெளியிட்டார். அதுவும் வழக்காகிப் போனது. ஊற்று நிலத்தை இப்படிக் கையாள்வது எனக்கு மன்னிக்க முடியாததாகவே படுகிறது, ஆனால் சட்டம் அந்த வகைக்கு அவ்வளவு பூட்டுதான் போட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ‘பாதுகாக்கப்பட்ட சூழல்’ என்று ஒரு செய்தியில் வந்தால் அது கையெழுத்துகளுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் நிலம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

செயின்ட் லூசியா மணல்மேடுகள்: வேறு முடிவு

இதற்கு நேர் எதிரான முடிவு நம் கடற்கரையிலேயே நடந்தது. 1980-களின் இறுதியில் செயின்ட் லூசியா ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கும் மணல்மேடுகளில் டைட்டானியம் எடுக்கும் திட்டம் வெளியே தெரியவந்தது. எதிர்த்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அந்த நாள் வரை இவ்வளவு விரிவாகச் சுற்றுச்சூழல் ஆய்வு இந்த நாட்டில் நடந்ததில்லை என்று சொல்லும் அளவுக்கு ஆய்வு நடந்தது, மீளாய்வுக் குழு வேண்டாம் என்றது, 1996-இல் புதிய ஜனநாயக அரசின் அமைச்சரவை சுரங்கத்தை நிராகரித்தது. 1999-இல் அந்த ஈரநிலம் இந்த நாட்டின் முதல் உலகப் பாரம்பரியத் தளங்களில் ஒன்றானது. 2007 முதல் அதற்கு ஐசிமங்கலிசோ என்று பெயர்.

முத்திரை மாறியதும் பூட்டும் மாறியது. உலகப் பாரம்பரியத் தளத்தில் சுரங்கம் சட்டப்படியே கூடாது. 2,500 அடிக்குக் கீழே விமானம் பறக்கக்கூட அனுமதி வேண்டும்.

ஆனால் எல்லைக்கு வெளியே? இன்று ஒரே பூங்காவாக இருக்கும் ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசியின் எல்லைக்கு மிக அருகில் சோம்க்கேலே என்ற இடத்தில் 2007 முதல் நிலக்கரிச் சுரங்கம் இயங்கியது. 48-ஆவது பிரிவின் தடை காப்பகத்தின் எல்லைக் கோட்டோடு நின்றுவிடுகிறது. வெடி வைக்கும் சத்தமும் தூசியும் விளக்கு வெளிச்சமும் கோட்டில் நிற்பதில்லை. அங்கே வாழும் மக்களுக்கு இது காட்டின் அமைதி பற்றிய பிரச்சினை மட்டும் இல்லை, வீடு, தண்ணீர், முன்னோர் கல்லறை எல்லாம் சேர்ந்தது. சுரங்க விரிவாக்கத்தை எதிர்த்த ஃபிகிலே நிட்ஷாங்காசே என்ற அம்மா அக்டோபர் 2020-இல் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வேலை வேண்டும் என்று சுரங்கத்தை ஆதரித்தவர்களும் அதே கிராமங்களில் இருந்தார்கள். காப்பு நிலத்தைச் சுற்றி ‘இடைநிலை வளையம்’ வேண்டும் என்று நிபுணர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். காப்பகத்துக்குள் இருக்கும் கடுமையான தடை அந்த வளையத்தில் தானாக வந்துவிடுவதில்லை, ஒவ்வொரு திட்டத்துக்கும் தனியாகப் போராட வேண்டியிருக்கிறது.

நிலத்தை இழந்தவர்களும் திரும்பப் பெற்றவர்களும்

இங்கே காப்பகங்களின் வரலாற்றை மனிதர்களை விரட்டிய வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாது. க்ரூகரின் வட மூலையில், லிம்போபோவும் லுவுவ்ஹுவும் சேரும் பஃபூரி நிலத்திலிருந்து மகுலேகே மக்களை 1969-இல் அப்புறப்படுத்தினார்கள், நிலம் பூங்காவோடு சேர்ந்தது. 1994 நிலமீட்புச் சட்டம் வந்த பிறகு அவர்கள் கோரிக்கை வைத்தார்கள். 1998-இல் ஏறத்தாழ 24,000 ஹெக்டேர் அவர்கள் பெயருக்குத் திரும்பியது.

ஒப்பந்தத்தின் சாரம் இது:

1. பட்டா சமூகத்தின் பெயரில் இருக்கும்.
2. நிலம் 50 ஆண்டுகளுக்குப் பூங்காவின் பகுதியாகவே தொடரும்.
3. சுரங்கமோ விவசாயமோ குடியேற்றமோ கூடாது.
4. சான்பார்க்ஸும் சமூகமும் சேர்ந்த கூட்டுக் குழு நிர்வகிக்கும்.
5. லாட்ஜ் போன்றவற்றின் வணிக உரிமையும் வருமானமும் சமூகத்துக்கு.

‘வென்றும் குடியேற முடியவில்லையே’ என்ற கேள்விக்கு விடை இதில் இருக்கிறது: உரிமை ஒருவரிடம், பயன்பாட்டுக் கட்டுப்பாடு சட்டத்திடம், வருமானம் ஒப்பந்தத்திடம். இது முழு நியாயமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன், தாத்தா வாழ்ந்த வீட்டு மேட்டில் பேரன் படுத்து உறங்க முடியாது. ஆனால் வேலிக்கு வெளியே நின்று பார்க்க வைத்த காலத்தோடு ஒப்பிட்டால் இதன் எடை தெரியும். இதைக் ‘கூட்டு மேலாண்மை’ என்பார்கள். பல இடங்களில் அது பெயரளவில் நின்றுவிடுவதும் உண்டு, குழு கூடும், கையெழுத்து வாங்கும், பணம் எங்கே போகிறது என்பது மட்டும் ஊருக்குத் தெரியாது.

நம் கதையும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தவர்களின் வழிவந்தவர்கள் நாம். 1870 சட்டப்படி, ஒப்பந்தக் காலம் முடித்தவர்கள் ஊருக்குத் திரும்பும் பயணத்துக்குப் பதிலாக அரசு நிலத் துண்டு ஒன்றைக் கேட்கலாம் என்று இருந்தது. மிகச் சிலருக்கே கிடைத்தது, 1891-இல் அதையும் நிறுத்தினார்கள். அந்த ‘அரசு நிலம்’ அதற்கு முன் ஆப்பிரிக்க மக்களின் நிலம். பிறகு இனம் பார்த்து வசிப்பிடத்தைப் பிரித்த 1950-இன் குழுப் பகுதிகள் சட்டம் நம்மையும் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து சாட்ஸ்வர்த்துக்குப் பெயர்த்து நட்டது. பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் நிறம் பார்த்தே இடம் கொடுத்தார்கள். ‘காடெல்லாம் வெள்ளைக்காரர் விஷயம்’ என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வது அந்தக் காலம் விட்டுச் சென்ற பழக்கம், அதைத் தலைமுறைக்குத் தலைமுறை கைமாற்ற வேண்டிய அவசியம் இனி இல்லை.

கடலில் போட்ட கோடுகள்

டர்பன் கடற்கரையில் கரைவலை இழுத்த இந்தியக் குடும்பங்களும், வார இறுதியில் பாறையில் நின்று தூண்டில் போடுபவர்களும் இந்தச் சட்டத்தை முதலில் சந்திப்பது கடலில்தான். 2019-இல் அரசு 20 புதிய கடல் காப்புப் பகுதிகளை அறிவித்தது. நாட்டின் கடல் எல்லையில் அதுவரை ஒரு சதவீதத்துக்கும் குறைவாகக் காப்பில் இருந்தது, சுமார் 5 சதவீதமாக உயர்ந்தது. நம் பக்கம் உதுகேலா பேங்க்ஸும் ப்ரோட்டியா பேங்க்ஸும் வந்தன, அலிவால் ஷோல் விரிந்தது.

கடல் காப்புப் பகுதி என்றால் மீன்பிடிக்கவே கூடாது என்று அர்த்தம் இல்லை. உள்ளே மண்டலங்கள் உண்டு. கட்டுப்பாட்டு மண்டலத்தில் பெர்மிட்டோடு, சொன்ன முறையில், சொன்ன அளவில் பிடிக்கலாம். தடை மண்டலத்தில் பிடிக்கக் கூடாது. கரையிலிருந்து பிடிப்பதற்கும் படகிலிருந்து பிடிப்பதற்கும் வேறு விதிகள் இருக்கலாம். அதனால் பகுதியின் பெயரைக் கேட்டு முடிவு செய்யாமல் மண்டல வரைபடத்தைப் பாருங்கள்.

தடை மண்டலத்தின் பயன் மீனவருக்கே திரும்பும் என்பதுதான் இதன் அடிப்படை. இங்குள்ள பாறை மீன்கள் பல மெதுவாக வளர்பவை, வயதாகி முட்டையிடுபவை, ஒரே பாறையில் ஆண்டுக்கணக்காகத் தங்குபவை. அவை பெரிதாக வளர ஒரு இடம் இருந்தால் குஞ்சுகள் அக்கம்பக்கம் பரவும். இந்த வாதத்தை நான் ஏற்கிறேன். ஆனால் சோற்றுக்காகப் பிடிப்பவரையும் பொழுதுபோக்குக்காகப் பிடிப்பவரையும் ஒரே தட்டில் வைத்து அபராதம் போடுவதை ஏற்க முடியவில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது

சான்பார்க்ஸ் தன் செலவின் பெரும்பகுதியைச் சுற்றுலா வருமானத்திலிருந்து தானே சம்பாதிக்கிறது. அதிலும் க்ரூகர் போன்ற சில பூங்காக்கள்தான் மற்றவற்றைத் தாங்குகின்றன. 2020-இல் கொரோனா முடக்கம் வந்தபோது இந்த ஏற்பாட்டின் பலவீனம் ஒரே மாதத்தில் வெளியே தெரிந்தது. எஸெம்வேலோ மாகாண நிதியை நம்பி இருக்கிறது, அந்த நிதி சுருங்கினால் வேலி பழுதாகும், ரேஞ்சர் இடங்கள் காலியாகவே கிடக்கும்.

காண்டாமிருக எண்ணிக்கையை இதோடு சேர்த்துப் பாருங்கள். 2023-இல் நாடு முழுதும் 499 கொல்லப்பட்டன, அதில் க்ரூகரில் 78, ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசியில் 307. க்ரூகரில் காவலை இறுக்கினார்கள், கொம்புகளை அறுத்தார்கள், அங்கே விலங்கும் குறைந்திருந்தது, கடத்தல் கும்பல்கள் இங்கே திரும்பின. 2024-இல் இங்கேயும் கொம்பு அறுக்கத் தொடங்கினார்கள், அந்த ஆண்டு நாட்டின் மொத்தம் 420 ஆனது. சட்டப் பூட்டு எவ்வளவு வலுவாக இருந்தாலும் காவலுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பதை இந்த எண்கள் சொல்கின்றன.

தனியார் நிலத்தின் பங்கு அதனால்தான் பெருகிவருகிறது. நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் காப்பில் இருக்கிறது. 2030-க்குள் உலக அளவில் 30 சதவீதம் என்று 2022 டிசம்பரில் மான்ட்ரியலில் நாடுகள் ஒப்புக்கொண்டன. அரசு நிலம் வாங்கியே அந்த இடத்தை எட்ட முடியாது. பண்ணை உரிமையாளர் தன் நிலத்தைக் குறைந்தது 99 ஆண்டுகளுக்கு இயற்கைக் காப்பகமாக ஒப்பந்தம் செய்து அறிவித்தால் வருமான வரியில் கழிவு உண்டு, நகராட்சி ரேட்ஸிலும் (சொத்து வரி) விலக்கு உண்டு.

குழாயைத் திறந்தால் வருவது

இதெல்லாம் சஃபாரி போகிறவர்களின் கவலை என்று நினைப்பவர்கள் உம்கேனி ஆற்றின் தொடக்கத்தைப் பார்க்க வேண்டும். டர்பனும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கும் குடிக்கும் தண்ணீர் மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், நேகல், இனாண்டா அணைகள் வழியாக வருகிறது. அந்த ஆறு பிறப்பது உம்கேனி ஃப்ளே என்ற சதுப்பு நிலத்தில். அது ஒரு இயற்கைக் காப்பகம், 2013 முதல் ராம்சார் தளம், அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம். நாட்டின் நிலப்பரப்பில் சுமார் 10 சதவீதம்தான் ஆறுகளில் ஓடும் தண்ணீரில் பாதியைத் தருகிறது. டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடர் அதில் முக்கியமான இடம்.

அந்த மேட்டு நிலத்தில் அந்நிய மரங்கள், குறிப்பாகப் பட்டைக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த ‘பிளாக் வாட்டில்’ மரம், பைன், யூகலிப்டஸ் பரவினால் புல்வெளியைவிட அதிகமாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். 1995-இல் அப்போதைய நீர்வள அமைச்சர் காதர் அஸ்மால், நம் வட கடற்கரை ஸ்டாங்கரில் பிறந்தவர், இந்த மரங்களை வெட்ட வேலையில்லாதவர்களுக்குக் கூலி கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கினார். காட்டைக் காப்பதையும் வீட்டில் அடுப்பெரிவதையும் ஒரே திட்டத்தில் சேர்த்ததால் அது பல ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது.

நகருக்குள் இருக்கும் பச்சை நிலம், அதற்கு நீங்கள் செய்யக்கூடியது

டர்பனை நிர்வகிக்கும் ஈதெக்வினி நகராட்சியின் வரைபடத்தில் டிமாஸ் என்று ஒரு பச்சைப் பகுதி இருக்கும், ஆற்றோரங்கள், பள்ளத்தாக்குகள், சில வீட்டுத் தோட்டங்களின் பின்பகுதிகூட அதில் வரும். அது நகரத் திட்டத்தின் கட்டுப்பாடு. 2003 சட்டத்தின் கீழ் வரும் காப்பகம் இல்லை. அங்கே கட்ட வேண்டுமானால் சுற்றுச்சூழல் ஒப்புதல் தேவைப்படும், ஆனால் அதை நீக்க நாடாளுமன்றமும் சட்டமன்றமும் கூட வேண்டியதில்லை. உங்கள் பக்கத்துப் புதர்க்காட்டில் ‘நேச்சர் ரிசர்வ்’ என்று பலகை இருந்தாலும், அது மாகாண அரசிதழில் இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டதா என்று தனியாகக் கேளுங்கள். இல்லையென்றால் அறிவிக்கச் சொல்லி வார்டு கவுன்சிலரிடமும் எஸெம்வேலோவிடமும் எழுதுங்கள்.

ஒரு பகுதியைப் புதிதாகக் காப்பகமாக அறிவிக்கும் முன் அரசு அரசிதழிலும் நாளிதழிலும் விளம்பரம் கொடுக்க வேண்டும், கருத்தோ ஆட்சேபமோ எழுத 60 நாள் தர வேண்டும். காப்பகத்தின் மேலாண்மைத் திட்டம் எழுதும்போது உள்ளூர் மக்களையும் பாதிக்கப்படுபவர்களையும் கலந்து பேச வேண்டும். இந்தக் கூட்டங்களில் நம் ஆட்கள் வருவது அரிது. கோயில் குழுக்களும் மீன்பிடி சங்கங்களும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால்கூட அது பதிவில் ஏறும், பின்னால் வழக்கு என்று வரும்போது ‘யாரும் ஆட்சேபிக்கவில்லை’ என்று எழுத முடியாது. மபோலா வழக்கில் அமைச்சர்களின் அனுமதி விழுந்ததற்கு ஒரு காரணம், பொதுமக்களைக் கேட்காமலேயே அந்த முடிவை எடுத்தது.